நீலக் குஞ்சும் நம் நாக்கும்



தண்ணீரூற்றிலும் பட்டாணிச்சூரிலும் நம் பிள்ளைகள் ஆசையாக லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார்கள். பச்சைச் சோடிக்கு நீலக் குஞ்சு பொரித்தால் உடனே கதை கட்டுகிறோம்: "வித்தவன் ஏமாத்திப்போட்டான்", "பெட்டை வேற ஆணோட சேர்ந்திட்டுது."

இரண்டும் வீண்பழியாக இருக்கலாம். இந்தப் பறவையில் பச்சை ஆட்சியான நிறம், நீலம் பின்னிடைவானது. தாயும் தந்தையும் நீலத்தை உள்ளே மறைத்து வைத்திருந்தால், ஒவ்வொரு முட்டையிலும் நீலம் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. நாலு முட்டைக்குக் கட்டாயம் ஒன்று என்பதல்ல. ஒன்றும் வராமல் போகலாம், இரண்டும் வரலாம். மெண்டல் 1866இல் எழுதிய பட்டாணிக் கணக்குத்தான். ஓ.எல். விஞ்ஞானத்தில் நாமெல்லாம் படித்தது.

இதே கதையை வீட்டுக்குள்ளும் கதைக்கிறோமே, அதுதான் கொடுமை. பிள்ளை கொஞ்சம் கறுப்பாகப் பிறந்தால், பெற்றவளிடம் "இது ஆர்ட சாயல்?" என்று கேட்கிறோம். மனிதத் தோலின் நிறமோ பல பரம்பரையலகுகள் சேர்ந்து வருவது.

மனைவி கறுப்புப் பிள்ளை பெற்றதாகச் சந்தேகத்தோடு வந்தவரிடம், நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களைப் பற்றித்தான் கேட்டார்கள். சிவப்பு ஒட்டகங்களுக்குள் சாம்பல் நிறம் எப்படி வந்தது? பரம்பரை இழுத்திருக்கும் என்றார் அவர். இந்தப் பிள்ளைக்கும் அப்படி இருக்கலாமே என்றார்கள் நபியவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

மார்க்கமும் விஞ்ஞானமும் ஒன்றாய்ச் சொன்ன பிறகும் நிறத்தை வைத்து ஒரு உம்மாவை அழவைத்தால், அது அறியாமை இல்லை, அவதூறு. நாம் நிறுத்துவோம்.