பில்டு கோப்பை யார் படிக்கிறார்கள்?

லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் திறமூல மென்பொருள் எக்ஸ்இசட் யூட்டில்ஸ். 2024 பிப்ரவரி 26 அன்று அதன் பில்டு கோப்பில் ஒரு திருத்தம் சேர்ந்தது. பழுதைச் சரிசெய்வதாகத்தான் தலைப்பு சொன்னது. உள்ளே ஒரு வரியின் தொடக்கத்தில் வேண்டாத புள்ளி ஒன்று இருந்தது.

நிரலாளர்கள் எழுதிய நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் வழிமுறையைச் சொல்வது பில்டு கோப்பு. ஒரு வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்க, அது சிறு சோதனை நிரலைத் தொகுத்துப் பார்க்கும். தொகுக்க முடியாவிட்டால், வசதி இல்லை என்று முடிவுகட்டி மேலே போய்விடும். புள்ளி விழுந்தது லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதிக்கான சோதனையில். அந்தப் புள்ளியால் சோதனை ஒவ்வொரு முறையும் தோற்றது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பில்டு ஒழுங்காக முடிந்தது; பாதுகாப்பு மட்டும் சேரவில்லை.

அதே மென்பொருளில், ரகசியமாக உள்ளே வர வழிவிடும் பின்வாசல் ஒன்று நுழைந்ததும் பில்டு வழியாகத்தான். வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த ஒரு பில்டு ஸ்கிரிப்ட் பொதுக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. நச்சு நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் பதுங்கியிருந்தது. தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

புதிய வசதிக்கான நிரலை வரிவரியாக அலசும் குழுக்கள்கூட, பில்டு திருத்தம் என்றால் மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் தந்துவிடுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் பில்டு செய்து சோதிக்கும் தானியங்கி ஏற்பாடான சிஐ சிவப்பு காட்டினால், மறுபடி ஓட்டிப் பார்ப்பதே முதல் வைத்தியம். பச்சை வந்தால் காரணம் தேடுவாரில்லை. வெளியீட்டுத் தேதி நெருக்கும்போது, தோற்ற சோதனையையே அணைத்துவைப்பதும் உண்டு. இது சோம்பல் அல்ல. அந்த வேலைக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

2025 மார்ச்சில் அடி சிஐ மீதே விழுந்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் தங்கள் சிஐ-யில் பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸ் குழுவின் துணைநிரல் ஒன்றில், பதிப்புப் பெயர்களையெல்லாம் தாக்குநர்கள் நச்சு நிரலின் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடவுச்சாவிகள் பில்டு பதிவுகளில் அச்சாயின. பொதுக் களஞ்சியமாக இருந்தால் யாரும் படிக்கலாம். பதிப்புப் பெயரை நம்பாமல், பழைய கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) முழு அடையாள எண்ணையே கோப்பில் எழுதிவைத்திருந்தவர்களை இது தொடவில்லை. ஒரு வரி வேலைதான், ஆனால் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

எக்ஸ்இசட்டைப் பராமரித்த லாஸ்ஸே கொலின், அது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022-லேயே வெளிப்படையாக எழுதியிருந்தார். அவர் சோர்ந்திருந்த அந்தக் காலத்தில்தான், பின்வாசலை வைத்தவர் உதவ வந்தவர்போல் உள்ளே நுழைந்தார். இப்படிப்பட்ட மென்பொருள்மீது தொழில் நடத்தும் நிறுவனங்கள் பராமரிப்பாளர்களுக்குப் பணம் தர வேண்டும். தங்கள் குழுக்களிலும் பில்டு கோப்புக்குப் பொறுப்பாளரை நியமித்து, அவருடைய வேலை நேரத்திலேயே அதற்கு இடம் தர வேண்டும்.