வாய்க்கால் எங்கே?

2021 மே மாதத்தில், ஒரே ஆணையால் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. மாற்றாக வேண்டிய உயிருரமோ போதிய அளவில் கமக்காரன் கைக்கு வந்து சேரவில்லை. நவம்பரில் அரசு தடையை நீக்கியது. இழந்த விளைச்சல் மீளவில்லை.

குற்றம் உயிருரத்தினதா? அன்று, ஆயத்தமின்மையினதே. உழுந்தின் வேர்முடிச்சில் வாழும் றைசோபியம் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஊட்டுகிறது. ஆயின், பயிருக்கேற்ற இனம் வேண்டும்; வெப்பத்தில் அது பொதிக்குள்ளேயே மடியும். ஆய்வுகூடத்தில் வென்றது கடையில் மாண்டால், கமக்காரன் காசு கொடுத்து வாங்குவது வெறுந் தூளே!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அறிவுக்குக் குறைவில்லை. ஆனால், இரணைமடு நிறைந்தென்ன, வாய்க்கால் இல்லையேல் வயல் காயுமன்றோ?

எனவே, வன்னிக் கமக்காரரின் வயல்களிலேயே சில போகங்கள் சோதனை நடக்கட்டும். அதில் நேரும் நட்டத்தை அரசே ஏற்கட்டும். தேறியதைக் கூட்டுறவுச் சங்கங்கள் குளிர்ச்சியில் சேமித்து, தரமுத்திரையும் காலாவதித் திகதியும் இட்டு விற்கட்டும்.

ஆணையால் பயிர் விளையாது. கமக்காரன் நம்பிக்கையால் விளையும். அந்நம்பிக்கையைத் தேடிக்கொள்வது ஆய்வாளர் கடன். அதற்கு வழி சமைப்பது அரசின் கடன்.