முரளியா, அஷ்வினா?

போன பௌர்ணமி கிரிவலத்தில், எம லிங்கம் பக்கத்தில் ஆரம்பித்த சண்டை குபேர லிங்கம் வரைக்கும் ஓயவில்லை. நானும் என் அண்ணனும்தான். விஷயம் சாமியும் இல்லை, சொத்தும் இல்லை. 2010-ல் சென்னை சூப்பர் கிங்ஸில் இருந்த இரண்டு ஆஃப் ஸ்பின்னர்களில் அணிக்கு யார் மதிப்பு அதிகம்? அண்ணன் முரளிதரன் கட்சி, நான் அஷ்வின் கட்சி. (அப்போது எனக்கு ஆறேழு வயசு, ஆட்டமெல்லாம் பின்னாடி யூடியூபில் பார்த்ததுதான். அதனால் அவன் எப்பவுமே "உனக்கு என்னடா தெரியும்" என்றுதான் தொடங்குவான்.)

பந்துவீச்சு மட்டும் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த மனுஷன். 2010 ஐபிஎல்லிலும் முரளிக்கு 15 விக்கெட், அஷ்வினுக்கு 13. 2009-ல் அஷ்வின் ஆடியதே இரண்டு ஆட்டம்.

"நெருக்கடியில யாருடா?" என்றான் அண்ணன். அந்த வருஷம் சென்னைக்கு இரண்டு சூப்பர் ஓவர் வந்தது. சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராகப் போட்டது முரளி. யுவராஜ் ரிவர்ஸில் திருப்பி அடித்து முடித்துவிட்டார். செப்டம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் விக்டோரியாவுக்கு எதிராகப் போட்டது அஷ்வின். 23 ரன் போனது. இரண்டிலும் தோல்வி. ஆக, அந்தக் கணக்கு சமன். (அந்தத் தொடரைக் கடைசியில் சென்னை ஜெயித்தது, தொடர் நாயகன் அஷ்வின் என்பதை அண்ணன் சொல்லவே மாட்டான்.)

என் வாதம் வேறு. பி.காமில் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு 'லிமிட்டிங் ஃபேக்டர்' தெரிந்திருக்கும். மெஷின் ஓடும் நேரம் குறைவு என்றால், எந்தப் பொருளில் லாபம் அதிகம் என்று பார்க்கக் கூடாது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு எது அதிகம் தருகிறது என்று பார்க்க வேண்டும். ஐபிஎல்லில் அந்த மெஷின் நேரம், ஆடும் பதினொரு பேரில் நாலே நாலு வெளிநாட்டு இடம். 2010 இறுதி ஆட்டத்தில் ஹெய்டன், மோர்கல், பொலிஞ்சர், முரளி என்று நாலும் நிரம்பிவிட்டது. அஷ்வின் அதில் ஒன்றைக்கூடத் தொடாமல் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தார்.

2011 ஏலத்தைப் பாருங்கள். முரளியைக் கொச்சி அணி 11 லட்சம் டாலருக்கு எடுத்தது. சென்னை அஷ்வினை 8.5 லட்சத்துக்கும், டுவைன் பிராவோவை 2 லட்சத்துக்கும் எடுத்தது. ஒருத்தர் விலையில் இரண்டு பேர், அதிலும் 50,000 டாலர் மிச்சம்! அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் நாலு வெளிநாட்டு இடங்களில் ஒன்றில் பிராவோ. நாலாவது பந்திலேயே கெய்லை டக் அவுட் ஆக்கியது அஷ்வின். கோப்பை சென்னைக்கு.

இதைச் சொல்லி முடித்தபோது குபேர லிங்கம் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டான்: "முரளியை எந்தக் கணக்குல வெளிநாட்டுக்காரன்னு எழுதின?"

விதிப்படி எழுதினேன். ஆனால் முரளி கண்டிக்காரர், மலையகத் தமிழர். தாத்தா இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். மனைவி சென்னை. அந்த அணியில் சேப்பாக்கம் கத்துவதை மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிந்துகொண்ட சிலரில் ஒருவர். 2013-ல் இலங்கை வீரர்கள் சென்னை ஆட்டங்களில் ஆடக்கூடாது என்று ஆனபோது, பெங்களூரு அணியில் இருந்த அவருக்கும் சேர்த்துத்தான் கதவைச் சாத்தினார்கள்.

கணக்கில் அஷ்வின்தான். இன்னமும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அண்ணன் கேட்டதற்கு ஈசான்ய லிங்கம் வரைக்கும் யோசித்தும் எனக்குப் பதில் வரவில்லை.