பாரம் இழுக்கும் வண்டியும் கடன் இழுக்கும் மனிதனும்

அமெரிக்காவில் குழாய் வேலை, மின்வேலை, தச்சு, தோட்டப் பராமரிப்பு என்று சொந்தத் தொழில் நடத்தும் எளிய மனிதர் பலர், வீட்டுக்கு அடுத்தபடியாக வாங்கும் பெரிய பொருள் ஒரு கனரக பிக்கப் வண்டிதான். ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, செவர்லே சில்வராடோ 2500 ஆகிய இவ்வகை வண்டிகளைப் பெட்ரோல் எஞ்சினோடும் வாங்கலாம், டீசல் எஞ்சினோடும் வாங்கலாம். (அந்நாட்டினர் பெட்ரோலைத்தான் 'கேஸ்' என்பார்கள்; சமையல் எரிவாயு என்று மயங்க வேண்டாம்.) இரண்டில் எது நல்லது என்று கேட்டால், "உழைக்கிற வண்டி என்றால் டீசல்தான்" என்ற விடை வேதவாக்கைப் போல் வந்து விழும். அந்த வாக்கு ஒரு காலத்தில் மெய்யாக இருந்தது. இன்று அது பலரைக் கடனில் ஆழ்த்துகிறது என்பதே நம் கட்சி.

மெய்யாக இருந்த காலத்தை முதலில் பார்ப்போம். 1989ஆம் ஆண்டு மாடல் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. எளிய அமைப்பு, நீண்ட ஆயுள், குறைந்த எரிபொருள் செலவு. அன்று டீசலின் விலையும் பெரும்பாலும் பெட்ரோலை மிஞ்சியதில்லை. 2004 செப்டம்பருக்குப் பின் அந்நிலை மாறிற்று. அதன்பின் ஏறத்தாழ எப்போதும் டீசலே விலை கூடிய சரக்கு. கூட்டரசின் வரியே காலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்.

அடுத்து வந்தவை புகைக் கட்டுப்பாட்டு விதிகள். 2007ஆம் ஆண்டு விதிகள் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியைக் கொண்டுவந்தன. 2010ஆம் ஆண்டு விதிகளை ஒட்டி, 32.5 விழுக்காடு யூரியா கலந்த திரவத்தைப் புகைக்குழாயில் தெளிக்கும் ஏற்பாடு வந்தது. இவற்றை நாம் குறை கூறவில்லை. டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவரும் தொழிலாளரே. வடிகட்டியைக் கழற்றி எறிவதைத் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. ராம் வண்டிகளின் எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் ஏற்பாடு இருந்ததாக எழுந்த வழக்கில், 167.5 கோடி டாலர் தண்டம் செலுத்தக் கம்மின்ஸ் 2023 டிசம்பரில் இசைந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும். தூய்மைக்கு ஒரு விலை உண்டு. அதை யாரேனும் கொடுத்தே தீர வேண்டும்.

அந்த விலை எங்கே கூடுகிறது? குறுகிய ஓட்டத்தில். வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய, புகைக்குழாய் நன்கு சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு இது எளிது. காலையில் நான்கு மைல், பிறகு வாடிக்கையாளர் வாசலில் ஒரு மணி நேரம் ஓடாமல் உறுமல், மீண்டும் ஆறு மைல் என்று திரியும் குழாய்க்காரரின் வண்டியில் கரி அடைத்துக்கொள்ளும். அப்புறம் பணிமனையே கதி. வட டகோட்டா போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் டீசலிலுள்ள மெழுகு உறைவதும், எஞ்சினை இரவெல்லாம் மின்சாரத்தில் சூடாக்கி வைப்பதும் தனிக் கதை.

இனிக் கணக்கு. டீசல் எஞ்சினுக்குக் கூடுதலாகக் கேட்கப்படுவது பத்தாயிரம் டாலரை ஒட்டியது. பெட்ரோல் காலன் 3.20 டாலர், டீசல் 3.80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் வண்டி, பெட்ரோலில் காலனுக்கு 11 மைலும் டீசலில் 14 மைலும் தருமானால், ஆண்டு மிச்சம் 300 டாலருக்கும் குறைவு. பத்தாயிரத்தை மீட்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். யூரியா திரவமும் கூடுதல் எஞ்சின் எண்ணெயும் அந்தச் சிறு மிச்சத்தையும் தின்றுவிடும். ஆனால் கனத்த ட்ரெய்லரைக் கட்டி ஆண்டுக்கு 40,000 மைல் இழுப்பவர்க்கு, பெட்ரோலில் 7 மைலும் டீசலில் 10 மைலும் கிடைத்தால், மிச்சம் 3,000 டாலரைத் தாண்டும். மூன்றேகால் ஆண்டில் முதல் திரும்பிவிடும். விலைகளும் மைல்களும் நம் உத்தேசமே. ஆயினும் முடிவை மாற்றுவது பெரும்பாலும் வேலையின் தன்மைதான் என்பது இதில் விளங்கும்.

டீசலுக்குரிய மரியாதையை மறுக்க மாட்டோம். 2020ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு வண்டியில் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை 475 பவுண்டு-அடி, 6.7 லிட்டர் டீசலுக்கோ 1,050. கொலராடோவில் பதினோராயிரம் அடிக்கு மேலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது, டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் மெல்லிய காற்றில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வலுவை இழக்கும். டீசலின் டர்போ அந்த இழப்பைப் பெரிதும் ஈடுசெய்யும். இறக்கத்தில் அதன் புகைத்தடை பிரேக்குகளையும் காக்கும். குதிரை, கால்நடை, மண்வாரி இயந்திரம் இவற்றை மலைதாண்டி இழுப்பவர் டீசல் வாங்குவது ஆடம்பரமன்று.

ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டீசல் எஞ்சின் சில நூறு பவுண்டு கூடுதல் எடை உடையது. வண்டியும் சுமையும் சேர்ந்து 10,000 பவுண்டு என்ற வரம்புக்குள் நிற்க வேண்டிய வண்டியில் அந்த எடை சரக்கின் கணக்கிலிருந்தே கழியும். மயிலிறகும் அளவு மிஞ்சினால் அச்சை முறிக்கும் என்று படித்து வளர்ந்த நமக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. கருவிப்பெட்டிகளும் குழாய்களும் முதுகில் சுமப்பவர்க்குப் பெட்ரோல் வண்டியே கூடுதலாக இடங்கொடுக்கும்.

பின் ஏன் தேவையற்றோரும் டீசலை நாடுகின்றனர்? விளம்பரங்களில் மலைமேல் பாறை இழுக்கும் வண்டியைக் காட்டி, ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலையை அன்றாட வேலையாக எண்ணச் செய்துவிடுகிறார்கள். அந்த உறுமலில் ஒரு மிடுக்கு இருக்கிறது. மிடுக்குக்கான தவணையை மட்டும் மாதந்தோறும் கட்ட வேண்டும். வேலை குறைந்த மாதத்தில் அது உதவியாளரின் கூலியிலோ பிள்ளையின் படிப்பிலோதான் கைவைக்கும்.

8,500 பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த எடை வரம்புள்ள இவ்வண்டிகளுக்கு, காலனுக்கு எத்தனை மைல் என்று அறிவிக்கும் அரசு முத்திரைச் சீட்டு கட்டாயமில்லை. ஆகவே கணக்கை வாங்குபவர்தான் எழுத வேண்டும். மூன்று மாதம் ஒரு குறிப்பேட்டில் எத்தனை மைல், எத்தனை பவுண்டு, எத்தனை நாள் ட்ரெய்லர், எத்தனை மணி நேரம் நின்றபடி உறுமல் என்று குறித்துவரட்டும். பாதிக்கு மேற்பட்ட நாள்கள் கனத்த இழுவை என்று அந்தக் குறிப்பேடு சொன்னால் டீசல், இல்லையேல் பெட்ரோல். என்றோ வரும் பெரும்பாரத்துக்கு ஒருநாள் வாடகை வண்டி போதும்.