எந்த வேலைக்கு ஐயா தயார்?

முடிச்சூர் சாலையில் லாரி உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்று. முதலாளி எனக்கு வேண்டியவர். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். "ஏஐக்கு நாம எவ்வளவு ரெடின்னு டெஸ்ட் வெச்சாங்க சார். நூத்துக்கு முப்பத்தொண்ணுதான்" என்று குரல்பதிவு வேறு. பிளஸ் டூவில் மகன் தேறாமல்போன அப்பாவின் குரல் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறிக்கையில் வண்ணச் சக்கரம் இருக்கிறது. ஐந்து படி ஏணி இருக்கிறது. லேத்தில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமலே 'பண்பாடு' என்ற தலைப்பில் மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்கள். ஏஐ எந்த வேலைக்கு வேண்டும் என்ற கேள்வியை மட்டும் எங்கும் காணோம்.

உள்ளூர் ஆலோசகரை மட்டும் திட்டிப் பயனில்லை. சிஸ்கோ நிறுவனம் ஆண்டுதோறும் உலகத்துக்கே இப்படி மார்க் போடுகிறது. 2023இல் இந்திய நிறுவனங்களில் 26 விழுக்காடு ஏஐக்கு முழுத் தயார் என்றது. 2024இல் 18 என்றது. ஊரே ஏஐ ஏஐ என்று அலைந்த அந்த ஓராண்டில் பழகப் பழக மறந்துபோனோமா? பதில் சொன்னவர்கள் மேலதிகாரிகள். அவர்களுடைய அன்றைய மனநிலைதான் விழுக்காடாகி வந்திருக்கிறது. கேட்டவரோ நெட்வொர்க் கருவி விற்பவர். "நீங்கள் இன்னும் தயாராகவில்லை" என்று விற்கிறவரே சொன்னால், அடுத்து பில் வரும் என்று தெரியாதா?

தயார்நிலை பேசுகிறவர்கள் முன்னால் நான் எப்போதும் ஹூஸ்டனைத் தூக்கிப் போடுவேன். அங்குள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை, ஐபிஎம்மின் வாட்சன் என்ற ஏஐயைக் கொண்டுவருவதாக 2013இல் அறிவித்தது. எந்தச் சக்கரத்தில் வைத்து அளந்தாலும் நூற்றுக்கு நூறு வாங்கும் இடம். பணம், நிபுணர்கள், மலைபோல நோயாளிப் பதிவுகள், தலைமையின் ஆசி, எதற்குக் குறை? 6.2 கோடி டாலர் செலவானது. அதில் 2 கோடிக்கு மேல், வணிகத் திட்டம் தீட்டித் தந்த பிடபிள்யூசி என்ற ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது. (ஆலோசகர்கள் எல்லா ஊரிலும் தயாராகவே இருக்கிறார்கள்.) நடுவில் மருத்துவமனை தன் பதிவு மென்பொருளை மாற்றியது, வாட்சன் அதனோடு இணைக்கப்படவே இல்லை. 2016இல் தணிக்கை முடிந்தபோதும், நோயாளிகளுக்குப் பயன்படும் நிலைக்கு அது வந்திருக்கவில்லை.

மறுபக்கம், நம் தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் 'இ-பார்வை' செயலியைப் பாருங்கள். கைப்பேசியில் கண்ணைப் படம் எடுத்தால் கண்புரை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. முகாமில் படம் எடுக்கும் தன்னார்வலரிடம் ஹூஸ்டனின் பதிவேடுகளா இருக்கின்றன? ஒரே ஒரு கேள்வி. விடை சரியா தவறா என்று கண் மருத்துவர் பார்த்துவிடலாம்.

நண்பரின் பட்டறைக்கு வருவோம். எந்த லேத்தில், எந்த ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் கூடுகிறது என்று சூப்பர்வைசர் வருடக்கணக்காக டைரியில் எழுதி வருகிறார். டூல் தேய்ந்து பீஸ் கெட்டுப்போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்க இதைவிட நல்ல தொடக்கம் எது? ஆனால் டைரி கணினியில் இல்லையாம். 'தரவு' தலைப்பில் பூஜ்யம். ஹூஸ்டனில் எல்லாம் கணினியில்தான் இருந்தது ஐயா!

இந்தச் சான்றிதழ் மோகம் புதிதில்லை. வரவேற்பறையில் ஐஎஸ்ஓ சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டிவிட்டால் தரம் வந்துவிட்டது என்று நினைத்தோம். ஜிஎஸ்டி சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள் 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' போர்டு மாட்டிக்கொண்டு சீட்டு விற்கின்றன. நேற்றுவரை வேறு துறையில் பாடம் எடுத்தவரே இங்கும் பாடம் எடுக்கிறார். அவரும் தயார், மாணவரும் தயார், கட்டணம் மட்டும் தனி.

இன்னொன்றையும் அந்த அறிக்கை கேட்கவில்லை. இந்த வட்டாரத்துத் தொழிற்கூடங்களில் எந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லக்கூடிய ஆட்கள் பலர் கான்ட்ராக்ட்டில் இருக்கிறார்கள். கான்ட்ராக்ட் முடிந்தால் அவர்களும் வெளியே, அவர்களுக்குத் தெரிந்ததும் வெளியே. 'மனிதவளம்' தலைப்பில் நண்பருக்குக் கிடைத்த ஆலோசனை: டேட்டா சயின்டிஸ்ட் ஒருவரை வேலைக்கு எடுக்கவும். கான்ட்ராக்ட்காரர் ஒருவரையாவது நிரந்தரமாக்குங்கள் என்று ஒரு வரி இருக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது இரண்டாம் கட்ட ஆய்வுக்கான கொட்டேஷன், ஜிஎஸ்டி தனி.