விளையாட்டுப் பக்கம்: சில்லுச் சப்பாத்துப் பூட்டுமுன் உடம்பு சூடாகட்டும்

மகள் பாடசாலையிலிருந்து வந்து "நான் ரோலர் டேர்பி ரீமில் சேரப்போகிறேன்" என்று சொன்னால், எம்மில் பலருக்கு அது என்ன விளையாட்டென்றே விளங்காது. 1935 இல் சிக்காகோவில் தொடங்கிய விளையாட்டு இது. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரப் பெண்கள் இதற்குப் புத்துயிர் கொடுத்தார்கள். முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 2011 இல் ரொறன்ரோவில் நடைபெற்றது.

நான்கு சில்லுள்ள சப்பாத்துடன் நீள்வட்டத் தடத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் ஓடுவார்கள். தலைக்கவசத்தில் நட்சத்திரம் அணிந்தவர், மறித்து நிற்கும் எதிரணியினரைக் கடந்து புள்ளி எடுக்கவேண்டும். ஊரில் கிளித்தட்டு விளையாடிய தாய்மாருக்கு இது உடனே பிடிபடும். ஆனால் இங்கே தோளாலும் இடுப்பாலும் இடிக்கலாம். விழுவதும் விளையாட்டின் ஒரு பகுதிதான்.

ஆகவேதான் 'வோம் அப்' எனப்படும் சூடேற்றும் பயிற்சி முக்கியம். முதல் கால்மணி நேரம் சும்மா துள்ளுவதுதானே என்று பிள்ளையைப் பிந்திக் கொண்டுபோய் இறக்கிவிடாதீர்கள். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,800க்கும் மேற்பட்ட உதைபந்தாட்டச் சிறுமிகளிடம் செய்த ஆய்வு 2008 இல் வெளிவந்தது. ஒழுங்கான சூடேற்றும் பயிற்சி செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. விளையாட்டு வேறானாலும், சடுதியாக நிற்பதும் திரும்புவதும் முழங்காலுக்கு ஒன்றுதான்.

பெற்றோரையும் உதவிக்கு அழைக்கும் அணிகள் உண்டு. பயிற்சியாளருக்குத் துணையாக நிற்பவர்கள் இந்த ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

1. சாதாரண சப்பாத்துடன் 10 நிமிடம்: மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம், முழங்காலை உயர்த்தி நடத்தல், காலை முன்னும் பின்னும் வீசுதல், பாதி இருந்து எழும்புதல், ஒற்றைக்காலில் நிற்றல். மூச்சு வாங்கவேண்டும், ஆனால் கதைக்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிப்பதை இப்போது தவிருங்கள். அது தசையின் வலுவைச் சற்று நேரத்துக்குக் குறைக்கும். அதைப் பயிற்சி முடிந்தபின் செய்யலாம்.

2. காப்புகள் அணிய 5 நிமிடம்: தலைக்கவசம், பற்காப்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் காப்புகள். இதில் கதைத்துக்கொண்டு இருந்தால் ஏறிய சூடு இறங்கிவிடும். சில்லு, நாடா எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

3. சில்லில் 10 நிமிடம்: முதலில் மெதுவான சுற்றுகள். இந்த விளையாட்டில் மணிக்கூட்டுக் கம்பிக்கு எதிர்த் திசையில்தான் ஓடுவார்கள். வளைவுகளில் எப்போதும் வலது கால்தான் இடது காலுக்கு மேலால் போகும். அதனால் மறுதிசையிலும் சில சுற்றுகள் ஓடவிட்டு இரு பக்கத்தையும் சமமாக வேலை செய்ய விடுங்கள். பிறகு நிற்கப் பழகுதல், ஒரு முழங்காலில் விழுந்து உடனே எழும்புதல். விழும்போது விரல்களை மடக்கி வைக்கவேண்டும். விரித்த கையின்மேல் மற்றவர்களின் சில்லு ஏறிவிடலாம்.

4. கடைசியாக இடித்தல், 5 நிமிடம்: ஒத்த உயரமும் நிறையும் உள்ளவர்களைச் சோடியாக்குங்கள். முதலில் நின்றபடி ஒருவர்மேல் ஒருவர் சாய்தல், பிறகு தோளால் தள்ளுதல், பிறகு மெதுவாக ஓடியபடி. இரண்டு மூன்று குறுகிய வேக ஓட்டங்களுடன் முடிக்கலாம்.

பிந்தி வந்த பிள்ளையை நேரே தடத்தில் இறக்காதீர்கள். முதலில் ஓரமாகத் தனியே உடம்பைச் சூடாக்கட்டும். போட்டியின்போது வாங்கில் காத்திருப்பவர்களும் எழுந்து காலை அசைத்துக்கொண்டிருப்பது நல்லது.

புதிதாக வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் முழுவதும் விளங்காது. எனவே சொல்வதோடு செய்தும் காட்டுங்கள். பழைய பிள்ளை ஒருவரைச் சோடியாக விடுங்கள். மற்றவர்களின் பெயர்களைப் பழகிக்கொள்ளவும் இதுவே நல்ல நேரம்.

இன்னுமொன்று. எங்கேயாவது நோவு இருந்தால் அது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் தெரியவரும். ஆனால் "நோகுது" என்றால் "இனிப் போகவேண்டாம்" என்று அப்பா அம்மா மறித்துவிடுவார்களோ என்ற பயத்தில் மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. மறைத்த நோவுதான் பெரிய காயமாகிறது. நோவைச் சொன்னால் அன்று ஓய்வு, மாறியதும் திரும்ப விளையாடலாம் என்று இன்றே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். சொன்னபடி விளையாடவும் விடுங்கள்.

அடுத்த இதழில், தலைக்கவசமும் காப்புகளும் வாங்கும்போது கவனிக்கவேண்டியவை பற்றிப் பார்ப்போம்.